ரெண்டு கணக்கை ஒண்ணாக்கும் முன்னே...



ஆண்டு மலரைப் பிரித்தால் கவிதை இருக்கும், காதல் இருக்கும், கல்லூரி கேண்டீன் வடையைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்கு இருக்கும். இவன் என்னடா கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறானே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். கணக்கால் ஒரு குடும்பம் மூன்று வாரம் பேசாமல் இருந்தது. அந்தக் குடும்பம் என்னுடையது. அதற்குக் காரணமானவனும் நானேதான்!

எங்கள் அப்பாவுக்குத் தென்காசியில் கடை. சித்தப்பாவுக்குக் குற்றாலத்தில் சீசன் கடை. சிப்ஸ், அல்வா, ரம்புட்டான், மங்குஸ்தான். சாரல் விழுந்தால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். தாத்தா காலத்தில் இரண்டு கடைக்கும் ஒரே நோட்டு. அவர் போன பிறகு நோட்டு இரண்டாயிற்று. அப்பா கணக்கை நான் கம்ப்யூட்டரில் ‘குனுகேஷ்’ மென்பொருளில் எழுதுகிறேன். சித்தப்பா கணக்கை அவர் மகள், என் தங்கச்சி, அவளுடைய லேப்டாப்பில் எழுதுகிறாள்.

சென்ற சீசன் முடிந்ததும் அப்பா கேட்டார்: “ஏலே, ரெண்டு கடையையும் சேத்து மொத்தமா என்ன நிக்கிதுன்னு பாத்துச் சொல்லேன்.” கம்ப்யூட்டர் டிப்ளமா படிக்கிற பிள்ளை அல்லவா! தங்கச்சியிடம் கோப்பை வாங்கினேன். இரவோடு இரவாக இரண்டையும் ஒன்றாக்கினேன். காலையில் பிரிண்ட் எடுத்து அப்பா கையில் கொடுத்தேன். அதில் ஒரு வரி: ‘சித்தப்பா தர வேண்டியது: ரூ.45,000’.

அன்று சாயங்காலம் சித்தப்பா வந்தபோது அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார். “தம்பி, ஒங்கிட்ட இன்னும் நாப்பத்தஞ்சு நிக்கிதே?”

“அண்ணே, நான் முழுசும் குடுத்துட்டேம்லா!”

“கம்ப்யூட்டர்ல அப்படித்தானே காட்டுது...”

சித்தப்பா பதில் பேசவில்லை. வைத்த காபியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். தம்பி பேச்சைவிடக் கம்ப்யூட்டர் பேச்சு பெரிதாகிவிட்டதே என்பதுதான் அவர் வருத்தம் என்று பிறகு சித்தி சொன்னார்கள்.

என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன். மே 28-ல் அப்பா சீசன் முதலாக ரூ.45,000 கொடுத்தார். ஜூலை 5-ல் சித்தப்பா ஜிபேயில் ரூ.25,000 திருப்பி அனுப்பினார். ஆடி அமாவாசையன்று மீதி ரூ.20,000-ஐ ரொக்கமாகக் கையில் கொடுத்தார். தங்கச்சி மூன்றையும் சரியாக எழுதியிருந்தாள். அவள் கோப்பில் ‘பெரியப்பா கடன்: பூஜ்யம்’.

தப்பு என் பக்கம். பேங்கில் வந்து விழுந்த 25,000-ஐ நான் ‘கடை விற்பனை’ என்று எழுதிவிட்டேன். கடைக்கு ஜிபேயில் நாள் முழுக்கப் பணம் வருகிறது, அதில் இதுவும் ஒன்று என்ற நினைப்பு. ரொக்கம் 20,000-ஐ அப்பா வாங்கிய கையோடு ஒரு சரக்கு வியாபாரிக்குப் பழைய பாக்கிக்குக் கொடுத்துவிட்டார். வந்ததும் எழுதப்படவில்லை, போனதும் எழுதப்படவில்லை.

இதோடு தேதிக் குளறுபடி வேறு! தங்கச்சி கோப்பில் நாள் முதலில், மாதம் அடுத்து. என் கம்ப்யூட்டரில் இறக்கும்போது அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. 28/05 என்றால் 28-ஆம் மாதம் ஏது? அப்படிப்பட்ட வரிகளை மென்பொருள் ஏற்க மறுத்தது. அவற்றை மட்டும் கையால் திருத்தினேன். ஆனால் 12-ஆம் தேதி வரை உள்ளவை சத்தமில்லாமல் தலைகீழாகப் போய்விட்டன. 05/07 என்பது மே 7 ஆகிவிட்டது. கடன் வாங்குவதற்கு மூன்று வாரம் முன்னாலேயே கடனை அடைத்த அதிசய மனிதர் எங்கள் சித்தப்பா!

“மென்பொருள் இதைக் கண்டுபிடிக்காதா?” என்று கேட்பீர்கள். வெளியிலிருந்து இறக்கும் வரி ஏற்கெனவே இருக்கிறதா என்று குனுகேஷ் தேடிப் பார்க்கத்தான் செய்யும். தொகை, தேதி, விவரம் இவற்றை வைத்துத்தான் தேடும். இங்கே தேதியும் வேறு, கணக்குத் தலைப்பும் வேறு. அது எப்படி ஜோடி சேர்க்கும்?

“அப்படியானால் பற்றும் வரவும் இடித்திருக்குமே?” இடிக்கவில்லை, தோழர்களே! இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி. இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு பக்கம் உண்டு. 1494-ல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சோலி அச்சேற்றிய புத்தகத்தில் அந்த முறை இருக்கிறது. நம் செட்டிநாட்டார் பேரேடும் ஐந்தொகையும் போட்டுப் பல நாடுகளில் வட்டிக்கடை நடத்தியவர்கள். என் கோப்பும் சமம், தங்கச்சி கோப்பும் சமம். சமத்தோடு சமத்தைச் சேர்த்தால் சமம்தான் வரும். ஆகவே கூட்டிய கணக்கும் அழகாகச் சமமாக நின்றது. ஆனால் அது பொய்! கூட்டல் தப்பைத்தான் ஐந்தொகை காட்டிக்கொடுக்கும். 25,000-ஐத் தப்பான தலைப்பில் எழுதியதையோ, 20,000-ஐ எழுதாமலே விட்டதையோ அது காட்டாது.

மூன்று வாரம் கழித்து, சித்தி தூது வந்த பிறகு, நானும் தங்கச்சியும் எதிரெதிரே உட்கார்ந்தோம். யு.பி.ஐ. பணத்துக்கு 12 இலக்கத்தில் ஒரு எண் உண்டு. கொடுத்தவர் பேங்க் கணக்கிலும் வாங்கியவர் பேங்க் கணக்கிலும் அதே எண்தான். அதை வைத்துத் தேடினோம். இரண்டே நிமிடத்தில் 25,000 அகப்பட்டது. ரொக்கத்துக்கு எண் ஏது? சித்தப்பாவின் பழைய பாக்கெட் நோட்டில் ‘அண்ணன் கையில் 20,000, ஆடி அமாவாசை’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. என் கோப்பிலோ அந்தச் சரக்கு வியாபாரிக்கு இன்னும் 20,000 பாக்கி என்று நின்றது. அவருக்குப் போன் போட்டோம். “அது அன்னிக்கே வந்துட்டே தம்பி!” என்றார். அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் குற்றாலம் போனார். அங்கே அண்ணன் தம்பி என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வரும்போது கையில் ஒரு பை மங்குஸ்தான் இருந்தது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உங்களில் பலர் நாளைக்கு அக்கவுண்ட்ஸ் ஆபீசிலும் சொந்தக் கடையிலும் உட்காரப் போகிறவர்கள்.

முதலாவது, ஒன்றாக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். மொத்தத்தைப் பார்ப்பது வேறு, கோப்புகளைக் கலப்பது வேறு. டாலியில் ‘குரூப் கம்பெனி’ என்ற வசதி இருக்கிறது. இரண்டு கம்பெனிக் கணக்கும் தனித்தனியாகவே இருக்க, சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். அப்பா கேட்டது மொத்தம்தான். ஒரு தாளில் இரண்டு ஐந்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தாலே போதும்!

இரண்டாவது, ஒன்றாக்கியே தீர வேண்டுமென்றால் ஒரு நாளைக் குறியுங்கள். மார்ச் 31-ல் இரண்டிலும் நின்ற இருப்பை மட்டும் எடுத்து ஏப்ரல் 1-ல் புதுக்கணக்குத் தொடங்குங்கள். பழைய டீச் செலவையெல்லாம் புதுக் கோப்புக்கு இழுத்துவர வேண்டாம்.

மூன்றாவது, தலைப்புகளையும் தேதி முறையையும் முதலில் ஒன்றாக்குங்கள். எனக்கு ‘சில்லறைச் செலவு’, அவளுக்கு ‘டீ, பஸ்’. பெயர் ஒன்றாகாமல் கணக்கு ஒன்றாகாது.

நான்காவது, ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்த பணத்தையெல்லாம் ஜோடி ஜோடியாக எடுத்து வையுங்கள். இங்கே போனது அங்கே வந்திருக்க வேண்டும். ஜோடி கிடைக்காத ஒரு வரி இருந்தாலும் மேற்கொண்டு போகாதீர்கள்.

ஐந்தாவது, பழைய கோப்புகளை அழிக்காதீர்கள். அச்செடுத்தும் வையுங்கள். ‘மைக்ரோசாஃப்ட் மணி’ என்று ஒரு மென்பொருள் உலகம் முழுக்க ஓடியது. 2009-ல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். மென்பொருளுக்கு ஆயுசு இவ்வளவுதான் என்று சொல்ல முடியாது. எங்கள் வழக்கைத் தீர்த்ததும் ஒரு பென்சில் எழுத்துதானே!

கடைசியாக ஒன்று. சேர்வதும் பிரிவதும் நம் ஊருக்குப் புதிதல்ல. 2019 ஏப்ரல் 1-ல் பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. அதே ஆண்டு நவம்பர் 22-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து நம் தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கியது. இம்மாதிரிக் காரியங்களில் அரசாணை உண்டு, குறித்த நாள் உண்டு, பொறுப்பான அதிகாரிகள் உண்டு. வீட்டுக் கணக்குக்கு யார் உண்டு? நாம்தான். ராத்திரி தனியாக உட்கார்ந்து ஒரு பொத்தானை அமுக்குகிற வேலை இல்லை அது. கணக்கில் பெயர் உள்ள எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, “இது சரிதானா?” என்று கேட்டுவிட்டுச் செய்கிற வேலை.

எங்கள் வீட்டில் இப்போது மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் தங்கச்சியும் உட்காருகிறோம். அரை மணி நேர வேலை. கோப்பு இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. குடும்பம் ஒன்றாக இருக்கிறது. அது போதும், தோழர்களே!