தரையிறங்கும் சோதனைகள் தள்ளிப்போகக் கூடாது

2024 நவம்பரில் இஸ்ரோவின் ஜிசாட்-என்2 செயற்கைக்கோள் அமெரிக்காவின் கேப் கனாவரலில் இருந்து விண்ணுக்குப் போனது. அதன் எடை 4,700 கிலோ. இந்தியாவின் ஆற்றல் மிக்க ராக்கெட்டான எல்விஎம்-3 அதற்குரிய சுற்றுப்பாதைக்குச் சுமக்கக்கூடியதைவிட அது அதிகம். அதனால் ஸ்பேஸ்எக்ஸின் பால்கன்-9 ராக்கெட்டை நாட வேண்டியிருந்தது.

இந்த நிலையை மாற்றத்தான் என்ஜிஎல்வி எனும் அடுத்த தலைமுறை ராக்கெட் உருவாகிறது. அதற்காக 8,240 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. பூமிக்கு அருகிலுள்ள சுற்றுப்பாதைக்கு 30 டன் வரை அது தூக்கிச் செல்லும். எல்விஎம்-3 சுமப்பதைப் போல மூன்று மடங்கு இது. செலவோ ஒன்றரை மடங்குதான். அதன் முதல் அடுக்கு திரும்பி வந்து, மீண்டும் பறக்க வேண்டும். 2035-க்குள் இந்திய விண்வெளி நிலையத்தை அமைக்க இத்தகைய ராக்கெட் தேவை.

ஆனால், எட்டு ஆண்டுத் திட்டத்தில் சோதனைப் பயணங்கள் மூன்றே. ராக்கெட்டைப் பறக்கவிடவும் தரையிறக்கவும் இந்த மூன்று வாய்ப்புகளுக்குள் கற்றுத் தேற முடியுமா?

ஸ்பேஸ்எக்ஸின் அனுபவம் வேறு. 2015 ஜனவரியிலும் ஏப்ரலிலும் அதன் முதல் அடுக்குகள் கடலில் நின்ற மிதவைத் தளத்தில் மோதிச் சிதறின. அதே ஆண்டு டிசம்பரில் ஒன்று பத்திரமாகத் தரையிறங்கியது. ஒருமுறை பறந்த அடுக்கு மறுபடியும் பறந்தது 2017 மார்ச்சில். சிதறிய இரண்டு பயணங்களிலும் சரக்கு சர்வதேச விண்வெளி நிலையத்தை ஒழுங்காகச் சென்றடைந்தது. வாடிக்கையாளருக்கான பயணத்திலேயே தரையிறக்கச் சோதனையும் நடந்தேறியது.

இஸ்ரோவால் அப்படிச் செய்ய முடியாது. பிஎஸ்எல்வி, எல்விஎம்-3 இரண்டும் திட எரிபொருளின் விசையில் கிளம்புகின்றன. திட எரிபொருளைப் பற்றவைத்தால் அணைக்கவோ, மீண்டும் மூட்டவோ வழியில்லை. தரையிறங்க அணைப்பதும் மீண்டும் மூட்டுவதும் அவசியம். கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் மூன்று முறை வெற்றிகரமாக இறங்கிய இஸ்ரோவின் புஷ்பக், சிறகுள்ள கலம். அது ஓடுபாதையில் இறங்கியது. என்ஜிஎல்வியின் முதல் அடுக்கோ செங்குத்தாக இறங்க வேண்டும்.

அடித்தளம் இல்லாமல் இல்லை. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில், விகாஸ் எனும் திரவ என்ஜினின் விசையைக் குறைத்து இயக்கும் சோதனை 2023-லும், நிறுத்தி மீண்டும் இயக்கும் சோதனை 2025-லும் வெற்றி பெற்றன. திரவ என்ஜினுடன் கால்கள் பொருத்திய சிறிய சோதனைக் கலத்தை உடனே பறக்கவிட வேண்டும். அதற்குத் தனி நிதி வேண்டும். சில கலங்கள் நொறுங்கும் என்பதையும் கணக்கில் சேர்த்தே அந்த நிதியை ஒதுக்க வேண்டும்.

பொதுப்பணம் வீணாகிறது என்ற விமர்சனம் எழும். ஆனால், உள்நாட்டு கிரையோஜெனிக் என்ஜினுடன் சென்ற ஜிஎஸ்எல்வி 2010 ஏப்ரலில் தோற்றது. 2014 ஜனவரியில் வென்றது. அன்று திட்டத்தைக் கைவிட்டிருந்தால், கிரையோஜெனிக் அடுக்கு கொண்ட எல்விஎம்-3 ராக்கெட்டே வந்திருக்காது.

என்ஜிஎல்விக்கான மூன்றாவது ஏவுதளத்துக்கு 2025 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. நான்கு ஆண்டுகளில் அதை முடிப்பது இலக்கு. அது தயாராவதற்குள் சோதனைக் கலம் பலமுறை எழும்பி இறங்கியிருக்க வேண்டும். அதற்கான கால அட்டவணையை விண்வெளித் துறை இந்த ஆண்டே வெளியிட வேண்டும்.