காய் நறுக்கும் மரப்பலகை: ஒரு பிழைதிருத்தம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், பள்ளிகளிலும் விடுதிகளிலும் உள்ள சமையற்கூடங்களின் தூய்மையைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பொன்றைத் தமிழாக்கும் பணி எனக்கு வந்தது. வெடிப்பு விழுந்தனவும் ஈரம் வற்றாதனவுமான மரப்பலகைகளைச் சமையற்கூடத்திலிருந்து அகற்றவேண்டும் என்பது மூலத்தின் கருத்து. அவசரத்தில் அடைமொழிகள் இரண்டும் என் கையிலிருந்து நழுவின. மரப்பலகைகளை அகற்றவேண்டும் என்று மட்டும் அச்சாயிற்று. நெடுநாள் கழித்து ஆசிரியர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. தம் பள்ளி விடுதியில் பதினைந்து ஆண்டுகள் உழைத்த புளியம்பலகைகள் இரண்டு அக்குறிப்பின்படி அடுப்புக்கு இரையாயின என்றும், அவற்றின் இடத்தில் வந்த பிளாஸ்டிக் பலகைகள் ஓராண்டுக்குள் கத்திக் கீறல்களால் கறுத்துவிட்டன என்றும், இம்மாற்றத்திற்கு விஞ்ஞானக் காரணம் யாது என்றும் அவர் வினவியிருந்தார். அவருக்குத் தனியே விடை எழுதினேன். ஆயினும், அச்சில் செய்த பிழையை அச்சிலேயே திருத்துவதுதான் முறை.

மரம் நீரை உறிஞ்சும், அந்நீரோடு கிருமிகளும் உட்புகும், ஆகவே மரப்பலகை தூய்மையற்றது என்று சொல்லுவோர் பலர். அவர்கள் கூற்றின் முற்பகுதி மெய், முடிவு மெய்யன்று. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்பாரும் அவருடன் உழைத்தோரும் இதனைச் சோதித்து, 1994-இல் முடிவுகளை வெளியிட்டனர். மரப்பலகையைப் பிளாஸ்டிக்குக்கு நிகராகத் தூய்மைப்படுத்தும் வழியைக் காண்பதே அவர்களுடைய நோக்கமாயிருந்தது. கண்டதோ வேறு. பலகையின்மேல் இடப்பட்ட பாக்டீரியாக்கள் மரத்தின் நுண்துளைகளுக்குள் இழுக்கப்பட்டன. அங்கே பெருகாமல் நாளடைவில் மடிந்தன. புதிய பிளாஸ்டிக் பலகை எளிதில் தூய்மையாயிற்று. ஆனால் கத்திக் கீறல் நிறைந்த பிளாஸ்டிக் பலகையை, அதுவும் கோழிக் கொழுப்புப் படிந்திருந்தபோது, கையால் கழுவித் தூய்மையாக்குவது அரிதாயிற்று. கிருமிகளை மிகுதியாக இட்டபோது மரத்திலிருந்தும் அவற்றை மீட்டெடுக்க முடிந்தது என்பதையும் மறைக்கலாகாது. கழுவாமல் விட்ட பலகைக்கு மரம் என்ற பெயர் காப்பாகாது.

பிளாஸ்டிக் பலகையில் நறுக்கும்போது நுண்துகள்கள் உதிர்ந்து உணவில் கலப்பதை அளந்த அமெரிக்க ஆய்வொன்று 2023-இல் வெளிவந்தது. அத்துகள்களால் உடலுக்கு விளைவது எவ்வளவு என்பது வேறு வினா. எனவே அதனைக் காட்டி எவரையும் அச்சுறுத்த நான் விரும்பவில்லை. மரத்தின் பக்கம் பேச முதலில் கூறிய ஆராய்ச்சியே போதும்.

நம் வீடுகளில் இந்த ஐயம் எழுவதற்கு வேறொரு காரணமும் உண்டென்பது என் அபிப்பிராயம். தமிழ்நாட்டுச் சமையலறையில் நெடுங்காலம் ஆண்டது அரிவாள்மணை. வங்காளத்திலும் மகாராஷ்டிரத்திலும் அதன் உடன்பிறப்புகள் உண்டு. அதில் அலகு நிலைத்து நிற்கும், காய்தான் நகரும். மரத்தின்மேல் அலகு படுவதே இல்லை. நின்றுகொண்டு கத்தியால் நறுக்கும் பழக்கம் பரவிய பின்னரே நறுக்கும் பலகை நம் அடுப்படியில் இடம்பெற்றது. ஆகவே அதனைத் தேர்ந்தெடுக்கவும் பேணவும் பாட்டியிடமிருந்து நாம் கற்றது ஏதுமில்லை. இறைச்சிக் கடைக்காரரிடம் மட்டும் அந்த அறிவு இருந்தது. அவர் புளிய மரத்தைக் குறுக்கே அறுத்த உருளையை வைத்துக்கொண்டார். குறுக்குவெட்டு முகத்தில் இழைகள் நெட்டுக்குத்தாக நிற்கும். வெட்டுக்கத்தி இழைகளை அறுக்காமல் அவற்றின் இடையே புகுந்து வெளிவரும். கட்டையும் கெடாது, அலகும் விரைவில் மழுங்காது.

கைவினைப் பலகைகளை வாங்க விரும்புவோர்க்கு வடநாட்டில் பெயர்பெற்ற இடம் உத்தரப் பிரதேசத்துச் சகாரன்பூர். மரச்செதுக்கு வேலை அவ்வூரின் பழந்தொழில். மாநில அரசு 2018-இல் தொடங்கிய 'ஒரு மாவட்டம், ஒரு பொருள்' திட்டத்திலும் அம்மாவட்டத்திற்கு உரியதாகக் குறிக்கப்பட்டது அதுவே. அங்கே மிகுதியும் பயன்படுவன ஷீஷமும் மாமரமும். ஷீஷம் நம் ஈட்டி மரத்தின் இனம். அதன் வைரம் கெட்டியானது, எளிதில் உளுத்துப்போகாது. புறத்தே வெளுத்துக் காணும் வெளிறோ துளைவண்டுக்கு விருந்து. மாமரம் மலிவு, ஆனால் பூஞ்சணத்திற்கும் வண்டிற்கும் எளிதில் இடங்கொடுக்கும். மாம்பலகைக்குச் சாயமேற்றி ஷீஷம் என்று விற்பதும் உண்டு. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் பல சமயம் துணியில் தெரிந்துவிடும்.

மரத்தின் இனத்தைக் காட்டிலும் முக்கியமானது அதன் உலர்ச்சி. இதனை நான் நூலிலிருந்து கற்கவில்லை. மழைக்காலத்தில் சகாரன்பூரில் வாங்கிவந்த அழகிய ஷீஷம் பலகை ஒன்று, அடுத்த மே மாதம் டில்லியின் அனற்காற்றில் ஓரிரவில் சத்தத்துடன் வெடித்தது. மரம் நெடுக்குவாட்டில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை, அகலவாட்டிலேயே சுருங்கும். அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. இவ்வேற்றுமையே பலகை வளைவதற்கும் வெடிப்பதற்கும் காரணம். ஆகவே பலகையின் முனையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். அங்கே வளையக்கோடுகள் செங்குத்தாக நின்றால் நன்று. வில்லாக வளைந்திருந்தால் பலகை குழியக்கூடும். மரத்தின் நட்ட நடுப்புள்ளியே பலகைக்குள் தெரிந்தால், எத்துணை அழகாயிருப்பினும் கீழே வைத்துவிடுக. என் பலகையில் அப்புள்ளி இருந்தது.

மரம் எவ்வளவு உலர்ந்திருக்கவேண்டும் என்பது ஊரைப் பொறுத்தது. மரச்சாமான்களுக்குரிய ஈரப்பதத்தை வரையறுக்கும் இந்தியத் தர நிர்ணயம், காற்றின் ஈரத்தைக்கொண்டு நாட்டையே நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. கடற்கரை ஊரில் அமைதியாயிருக்கும் பலகை வறண்ட ஊருக்குச் சென்றதும் சுருங்கத் தொடங்கும். ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குத் தராசு ஒன்றினாலேயே காட்டலாம். 30 சென்டிமீட்டர் நீளமும் 22 அகலமும் 2.5 கனமும் உடைய ஷீஷம் பலகை ஏறக்குறைய ஒன்றேகால் கிலோகிராம் இருக்கும். அதன் ஈரப்பதம் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்திற்கு இறங்கினால் எடை சுமார் 100 கிராம் குறையும். புதிய பலகையை வாரந்தோறும் நிறுத்து எழுதிவந்தால், எடை எப்போது நிலைகொள்கிறதோ அப்போதே அது அந்த ஊருக்குப் பழகிவிட்டது எனக் கொள்ளலாம். அதுவரையில் அதனை வெயிலிலும் அடுப்பருகிலும் வைத்தல் ஆகாது.

கள ஊழியர்கள் கவனிக்கவேண்டிய அபாயம் ஒன்று உண்டு. பழைய ரயில் கட்டைகளும், கரையான் மருந்து ஏற்றிய மரங்களும் தச்சரிடம் மலிவாக வந்து சேரும். ரயில் கட்டையில் ஊட்டப்படும் கிரியோசோட்டு நச்சுத்தன்மை உடையது. செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரமும் உணவைத் தொடலாகாது. மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் கூச்சம் வேண்டா. நல்ல தச்சர் மகிழ்ந்தே சொல்லுவார். நறுக்கும் முகத்தில் பளபளக்கும் பாலிஷோ வார்னிஷோ இருந்தால் அதுவும் வேண்டா. கத்தி பட்டதும் அது உதிர்ந்து உணவில் சேரும். வேப்பம்பலகை கிருமிகளைத் தானே கொன்றுவிடும் என்னும் விளம்பரத்தை நம்பிக் கழுவாமல் விடுவோரையும் கண்டிருக்கிறேன். வேம்பாயினும் சோப்பு வேண்டும்.

பேணுவதில் பெரிய வித்தை ஏதுமில்லை. பயன்படுத்தியவுடன் சோப்பும் வெந்நீரும் கொண்டு இரு முகங்களையும் கழுவி, துடைத்து, இருபுறமும் காற்றுப் படும்படி விளிம்பில் நிறுத்தவேண்டும். தொட்டியில் ஊறப்போடுதலும், ஈரத்தோடு மேடைமேல் படுக்கவைத்தலுமே பலகைக்குக் கேடு. ஏற்கெனவே நீர் நிறைந்த மரம் எதையும் உள்ளிழுக்கமாட்டாது. அழுக்கு அதன் மேலேயே தங்கும். இறைச்சிக்கும் மீனுக்கும் ஒரு பலகை, காய்கனிகளுக்கு வேறொன்று என்னும் ஏற்பாட்டைப் பெரிய சமையற்கூடங்கள் தவறாமல் கைக்கொள்ளவேண்டும்.

மாதம் ஒருமுறை எண்ணெய் பூசினால் நீர் எளிதில் புகாது. கடுகெண்ணெயும் நல்லெண்ணெயும் நாட்படக் காறல் வாடை தரும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரபின் கெடுவதில்லை. அதில் சிறிது தேன்மெழுகை உருக்கிச் சேர்த்தால் இன்னும் நன்று. பெயிண்டுக் கடையில் 'டபுள் பாயில்டு' என விற்கும் ஆளிவிதை எண்ணெயில், விரைந்து உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்க்கப்படுவதுண்டு. அது கதவுக்கும் சன்னலுக்கும் உரியது.

கீறல்கள் மிகுந்துவிட்டால் தச்சர் இழைப்புளியால் ஒரு மில்லிமீட்டர் சீவி, உப்புத்தாள் இட்டுத் தருவார். பலகை மீண்டும் புதிதாகும். முனையில் சிறிது வெடித்திருந்தால் அம்முனையை அறுத்துவிட்டு எஞ்சியதைப் பயன்படுத்தலாம். நடுவே ஊடுருவிய வெடிப்பும், உலர்த்தியும் நீங்காத ஈரமும் உள்ளவை மட்டுமே அகற்றத்தக்கவை. பழைய குறிப்பைக் கோப்பில் வைத்திருப்போர், 'மரப்பலகைகளை' என்னும் சொல்லுக்கு முன்னே 'வெடிப்பு விழுந்தனவும் ஈரம் வற்றாதனவுமான' என்று மையினால் எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.