கொம்பு முந்தி வருது, எழுத்து பிந்தி வருது!

மக்களே, இன்றைக்குக் கொஞ்சம் சூடான பதிவு. மோஷன் கிராஃபிக்ஸ் படிக்கும் என் வகுப்புத் தோழர்களுக்கும், கல்யாண வீடியோ, கடை விளம்பரம் என்று ஏற்கெனவே சம்பாதிக்க ஆரம்பித்துவிட்ட அண்ணன்களுக்கும் சேர்த்துத்தான். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. இங்கிலீஷுக்காக யாரோ எங்கேயோ வைத்த கீஃபிரேமுக்குள் தமிழைத் திணிக்காதீர்கள். நேரம் போதவில்லையா? தமிழை வெட்டாதீர்கள், கீஃபிரேமை நகர்த்துங்கள்.

முதல் குற்றம், எழுத்தை உடைப்பது. மண்டபத்து எல்.இ.டி. திரை, உள்ளூர் கேபிள், தியேட்டர் இடைவேளை என்று எங்கே பார்த்தாலும் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குதித்து வரும் அந்த எஃபெக்ட்தான். இங்கிலீஷில் நன்றாகவே இருக்கிறது. ஏ வரும், பி வரும், சி வரும், பிரச்னை இல்லை. தமிழில் 'கொண்டாட்டம்' என்று போட்டுப் பாருங்கள். பழைய பாமினி ஃபான்டில் 'கொ' என்பது மூன்று தனி உருக்கள். சாஃப்ட்வேருக்குத் தமிழ் தெரியாது, அதன் கணக்கில் அது மூன்று எழுத்து. எனவே முதலில் ஒற்றைக் கொம்பு வந்து அநாதையாக நிற்கும், பிறகு 'க' வரும், கடைசியில் கால் வந்து சேரும். மெய்யெழுத்தின் புள்ளிகூட தனியாகத் துள்ளி வந்து உட்காரும்!

"நான் யூனிகோடுக்கு மாறிட்டேனே" என்பவர்களும் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். யூனிகோடிலும் 'கொ' இரண்டு குறிகள்தான், 'க' ஒன்று, 'ொ' ஒன்று. நடுவில் பிரித்தால் அதே கதைதான்.

மருந்து என்ன? ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டெக்ஸ்ட் அனிமேட்டரின் ரேஞ்ச் செலக்டருக்குள் 'அட்வான்ஸ்டு' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் 'பேஸ்டு ஆன்' என்ற இடத்தில் 'கேரக்டர்ஸ்' என்பதை 'வேர்ட்ஸ்' என்று மாற்றினால் முழுச் சொல்லும் சேர்ந்து வரும். ஒரே ஒரு கிளிக். இதைக்கூடச் செய்யாமல் காசு வாங்குகிறோம் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இரண்டாவது குற்றம் இதைவிடப் பெரியது, லேயரை நறுக்குவது. ஒரு கணக்குப் போடுவோம். நம் ஊர் டிவிக்கு விநாடிக்கு 25 ஃபிரேம். டெம்ப்ளேட்டில் ஒரு வரிக்கு 2 விநாடி, அதாவது 50 ஃபிரேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வர 15, நிற்க 20, வெளியே போக 15. 'சேல்' என்று இங்கிலீஷில் நாலெழுத்து போட்டால் 20 ஃபிரேம் தாராளம். அதே இடத்தில் 'சிறப்புத் தள்ளுபடி' என்று பத்தெழுத்து போட்டால்? அது அசையாமல் நிற்பது ஒரு விநாடிகூட இல்லை, 0.8 விநாடி. பாட்டி கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அடுத்த வரி வந்துவிடும்.

நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? சிலர் வரியைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்பார்கள், அது அடுத்த காட்சி மேல் ஏறிவிடும். உடனே ஆல்ட்டோடு வலது சதுர அடைப்பை அழுத்தி லேயரின் வாலை நறுக்கிவிடுவார்கள். லேயரை நறுக்கினால் கீஃபிரேம் அழியாது, வெட்டின இடத்துக்கு அப்பால் டைம்லைனில் அப்படியே கிடக்கும். ஆனால் திரைக்கு வராது. வெளியே போகிற அசைவு முழுவதும் போச்சு, எழுத்து கரண்ட் கட் ஆன மாதிரி பட்டென்று மறையும். இன்னும் சிலர் எல்லா கீஃபிரேமையும் மொத்தமாகப் பிடித்து, ஆல்ட்டை அழுத்திக்கொண்டு கடைசிக் கீஃபிரேமை இழுப்பார்கள். அப்போது நிற்கிற நேரம் மட்டுமா நீளும்? வருகிற அசைவும் போகிற அசைவும் சேர்ந்தே நீளும். எழுத்து தேர் மாதிரி அசைந்து அசைந்து வரும்.

செய்ய வேண்டியது இதுதான். லேயரைத் தேர்ந்தெடுத்து யு-வை அழுத்துங்கள், கீஃபிரேம் எல்லாம் தெரியும். வெளியே போகும் கீஃபிரேம்களை மட்டும் கட்டம் போட்டுப் பிடித்து வலதுபக்கம் தள்ளுங்கள். லேயரின் முடிவையும் அதற்குத் தக்கபடி நீட்டுங்கள், பின்னால் வரும் லேயர்களையும் நகர்த்துங்கள். வருகிற வேகம் மாறாது, போகிற வேகம் மாறாது, நடுவில் நிற்பது மட்டும் கூடும். காம்பொசிஷனின் தொடக்கத்தையும் முடிவையும் காப்பாற்றி நடுப்பகுதியை மட்டும் நீட்டும் வசதிகூட அதே சாஃப்ட்வேரில் இருக்கிறது. தேடிப் பார்க்கத்தான் ஆளில்லை.

கொஞ்சம் வரலாறும் பார்த்துவிடுவோம். கையால் வரைந்த காலத்தில் முக்கிய நிலைகளை மூத்த ஓவியர் வரைவார், இடையில் உள்ளவற்றை உதவியாளர்கள் நிரப்புவார்கள். அந்த இடைப்பட்ட வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்க வழி செய்தவர்களில் முக்கியமானவர்கள் கனடா தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன் இருவரும். அவர்களுடைய முறையில் பீட்டர் ஃபோல்டெஸ் எடுத்த 'ஹங்கர்' 1974-ல் வந்தது, ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. மெஷினுக்குப் போனது உதவியாளர் வேலைதான். எங்கே தொடங்கணும், எங்கே நிற்கணும், எவ்வளவு நேரம் நிற்கணும் என்று முடிவு செய்யும் வேலை மனிதனிடமே இருந்தது. நாமோ டெம்ப்ளேட்டை வாங்கி, அந்த மிச்சத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டோம். பிறகு "எங்களுக்கு ஏன் சம்பளம் ஏறல?" என்று கேட்டால் எப்படி ஏறும்?

"தம்பி, நாளைக்குக் கல்யாணம், இன்னிக்கு ராத்திரி டெலிவரி, இதெல்லாம் யார் பார்ப்பா?" என்பார்கள். நியாயமான அவசரம்தான். ஆனால் ஒரு டெம்ப்ளேட்டை ஒருமுறை தமிழுக்காகத் திருத்தி வைத்துக்கொண்டால் அடுத்த நூறு கல்யாணத்துக்கும் அதுவே போதுமே! அவசரம் ஒருநாள் சாக்கு, வருஷம் முழுக்க அதையே சொன்னால் அது சோம்பேறித்தனம்.

கல்யாணத்தோடு போனாலும் பரவாயில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ. அளவுக்கு மழை கொட்டி ஊரே மிதந்தது. அந்த மாதிரி ஒரு நாளில் 'தாழ்வான பகுதி மக்கள் உடனே வெளியேறவும்' என்று நாமே ஒரு வீடியோ செய்ய வேண்டி வரலாம். அதிலும் கொம்பு முந்தி, எழுத்து பிந்தி, 0.8 விநாடியில் காணாமல் போனால் யாருக்கு லாபம்?

ஒயிட் டவுன் தெருப் பலகைகளைப் பாருங்கள். பிரெஞ்சும் தமிழும் ஒரே பலகையில் இருக்கின்றன. தமிழ்ப் பெயர் நீளம் என்று அதன் கடைசி எழுத்தை யாரும் அறுத்துவிடவில்லை, இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள். பெயின்டும் தூரிகையும் செய்ததை, ஆயிரக்கணக்கில் செலவழித்த கிராஃபிக்ஸ் கார்டு வைத்துக்கொண்டு நம்மால் செய்ய முடியாதா?