பறை யாருக்குப் பாடம்?



2024 டிசம்பர் 15 அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் இளையராஜா அர்த்த மண்டபத்துக்கு வெளியே நின்ற காட்சியை எல்லாரும் பார்த்தோம். அவர் இசையமைத்த திவ்ய பாசுரங்களுக்கு அன்று அங்கே நாட்டிய நிகழ்ச்சி. அர்ச்சகர், மடாதிபதி தவிர யாருக்கும் அங்கே அனுமதியில்லை, சொன்னதும் அவரே ஒப்புக்கொண்டார் என்றது அறநிலையத் துறை. வதந்தி, சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிறவன் நானில்லை என்றார் இளையராஜா. சரி, விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் படியைத் தாண்டும் தகுதியை எந்த இசைக் கல்லூரி தரும்?

இசைக் கல்வி பண்பாடுகளுக்கு நடுவே பாலம் கட்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள. இந்த மனுசனைவிட அதிகம் பாலம் கடந்தவர் யார்? பண்ணைப்புரத்திலிருந்து வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார், டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை படித்தார். 2025 மார்ச் 8இல் லண்டனில் 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். அடுத்தவன் பாட்டைப் படிக்கிற கடமை எப்பவும் நம்மகிட்டதான் இருக்கு. எதிர்ப்பக்கத்திலிருந்து நம்ம தெருவுக்குப் படிக்க வந்தவர்கள் எத்தனை பேர்?

ராஜபாளையத்தில் பிள்ளையை மிருதங்க வகுப்புக்கு அனுப்பும் அப்பாக்கள் வங்கிக் கவுண்டரில் என்னிடம் அதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. பறை வகுப்பு என்றால் "எதுக்கு சார், சாவுக்கா?" என்று சிரிப்பார்கள். மிருதங்கத்துக்கு மாட்டுத் தோலும் வேண்டும், ஆட்டுத் தோலும் வேண்டும். அதைச் சுரண்டிப் பதமாக்கி, வார் இழுத்து, நாதம் வரவைக்கும் கைகள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்களுடையவை. டி.எம். கிருஷ்ணா இதை 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோல் வேணும், தோலைப் பத்திப் பேச்சு வேணாம்.

ஆண்டாளையே எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பாவையில் பறை என்ற சொல் பத்துத் தடவைக்கு மேல் வருகிறது. உரைகாரர்கள் அதைக் கைங்கரியம், பேறு என்று மேலே தூக்கிவிட்டார்கள். ஆனால் ஒரு பாசுரத்தில் சங்குக்கும் விளக்குக்கும் கொடிக்கும் நடுவே பெரிய பறை கேட்கிறாள். அது தோல்கருவிதான், வேறென்ன? மார்கழி முழுக்க அந்தப் பாட்டு ஒலிக்கும் ஊரில் பறைக்கு ஒரு பள்ளிக்கூடம் இல்லாதது யாரையும் உறுத்தவில்லை.

மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடங்கள். பறை அதில் இல்லை. நாட்டுப்புறக் கலைக்கு வாரக் கடைசி வகுப்பு வந்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் பகுதிநேரம்.

பறையைத் தூக்கி எறி என்ற தோழர்களிடமும் நியாயம் உண்டு. சாவு வீட்டில் கூலியில்லாமல், மறுத்தால் உதை என்று அடிக்கவைக்கப்பட்ட பறை அது. 1990களின் தலித் கலைவிழாக்கள் அதையே விடுதலைக் கருவியாக மேடையேற்றின. பறை ஆசான் வேலுவுக்கு 2025இல் பத்மஸ்ரீயும் கொடுத்தாயிற்று. விருது வாங்கியதோடு இழிவு ஒழிந்ததா என்ன?

சாவுக்கு அடிக்கச் சொன்னால் மறுப்போம். கற்க வந்தால் கற்றுக்கொடுப்போம், ஆனால் வருகிறவர் சேரிக்கு வரட்டும், ஆசான் வீட்டில் தண்ணி குடிக்கட்டும், சம்பளம் வைக்கட்டும். இசைப் பள்ளியில் எட்டாவது முழுநேரப் பாடமாகப் பறை வர வேண்டும். பட்டம் கேட்காமல் ஆசான்களை ஆசிரியராக்க வேண்டும். கலை பண்பாட்டுத் துறைக்கு மனு எழுதுகிறோம். கையெழுத்திடும் மாணவத் தோழர்கள் ஊர், தெருப் பெயரோடு எழுதுங்கள்.