முதலில் தேட வேண்டியது கேமராவை அன்று

2024இல் பென்டாக்ஸ் நிறுவனம் புதிய ஃபிலிம் கேமரா ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முடிந்துபோனதாகப் பலரும் கருதியிருந்த ஒரு தொழில்நுட்பத்துக்கு மறுபடியும் ஆள் சேர்கிறது என்பதற்கு அது ஒரு சான்று. ஆனால், புதிதாகத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோரின் கைக்கு வருவது புதிய கருவி அன்று; முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ வாங்கி, சில கல்யாணங்களையும் சில பயணங்களையும் படமெடுத்து, பின்னர் பரணில் ஏற்றிவிட்ட கருவியே. அவர்கள் எடுத்தவுடன் கேட்கும் கேள்வி, எந்தக் கேமராவை வாங்கலாம் என்பது. அக்கேள்வி தவறான இடத்தில் தொடங்குகிறது. இந்த ஊரில் கேமராவைத் திறந்து பழுதுபார்க்கத் தெரிந்தவர் யார், சுருளைக் கழுவித் தருபவர் யார் என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகத்தில் ஒருவர் இவ்வாறு தொடங்குவதாகக் கொள்வோம். வராகமூர்த்தி கோவிலின் பெரிய குளமும் அதைச் சுற்றிய தெருக்களும் படம் பழகுவதற்கு நல்ல இடம். காலை ஒளி நீரில் பட்டுத் திரும்புகிறது; நண்பகலில் வெயில் ஏறக்குறைய உச்சியிலிருந்து இறங்குகிறது; தென்னை நிழலுக்கும் திறந்த படித்துறைக்கும் இடையே வெளிச்சம் பல மடங்கு வேறுபடுகிறது. நூறு ஐஎஸ்ஓ சுருளுக்கு, தெளிந்த வெயிலில் துளை 16, ஷட்டர் நூறில் ஒரு பங்கு அல்லது அதையொட்டிய வேகம் என்பது பழைய புகைப்படக்காரர்களின் மனப்பாடக் கணக்கு. அந்த ஒரு கணக்கைக் கொண்டே இக்குளக்கரையில் ஒளியைக் கணிக்கக் கற்றுக்கொள்ளலாம். கற்பதற்குத் தடை ஒளியில் இல்லை, கருவியில் இருக்கிறது.

பரணில் கிடைக்கும் கேமராவை எடுத்துக்கொண்டால், முதலில் பார்க்க வேண்டியது அதன் பெயரை அன்று, அது ஏற்கும் சுருளின் அளவை. ஒரு காலத்தில் இந்திய வீடுகள் பலவற்றில் இருந்த ஆக்பா கிளிக் 3 போன்ற எளிய பெட்டிக் கேமராக்கள் 120 அளவுச் சுருளை ஏற்பவை. 1901இல் அறிமுகமான அந்த அளவு இன்றும் தயாரிக்கப்படுகிறது. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுக்கலாம். அதே காலத்து வேறு சில கேமராக்கள் 620, 126 போன்ற அளவுகளைக் கேட்கும். அவற்றைப் பெருநிறுவனங்கள் கைவிட்டு வெகுகாலம் ஆயிற்று. பளபளப்பாக இருக்கும் கருவி உணவில்லாமல் கிடப்பதும், தூசியடைந்த தகரப் பெட்டி உடனே வேலைக்கு வருவதும் இந்த ஓர் எண்ணைப் பொறுத்தவை.

35 மில்லிமீட்டர் கேமராவானால் சோதனை இன்னும் சற்று நீளும். பின்மூடியைத் திறந்து, ஷட்டரை ஒரு நொடியிலிருந்து மிகுவேகம் வரை ஒவ்வொரு நிலையிலும் இயக்கிப் பார்க்க வேண்டும். மெதுவான வேகங்களில் அது திணறினால் உள்ளிருக்கும் எண்ணெய் இறுகிவிட்டது என்று பொருள். மூடியின் ஓரங்களில் ஒளி புகாதபடி ஒட்டிய கரும்பஞ்சு, தொட்டால் தார்போல ஒட்டுமானால் மாற்றியாக வேண்டும். பேட்டரி அறையில் பச்சை படிந்திருந்தால் உள்ளே கம்பி அரித்திருக்கலாம். பழைய ஒளிமானிகள் பல, 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை. பாதரச பேட்டரி தடைசெய்யப்பட்டபின் அவ்விடத்தில் 1.5 வோல்ட் பேட்டரியை இடும்போது பல மானிகள் வெளிச்சத்தை மிகையாகக் காட்டுகின்றன, படம் இருண்டுபோகிறது. தொடங்குபவர் தம் கண்ணைக் குறைசொல்கிறார்; குற்றம் பேட்டரியுடையது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேரளத்தில் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்காமல் எந்தக் கேமராவையும் வாங்கக் கூடாது. இடவப்பாதி மழை இறங்கியபின் மாதக்கணக்கில் ஈரம் வற்றாத ஊரில், தோலுறைக்குள் பூட்டிவைத்த லென்ஸ் பூஞ்சைக்கு வீடாகிறது. சிலந்தி நூல்போல உட்கண்ணாடியில் படரும் அப்பூஞ்சையைத் தொடக்கத்திலேயே துடைத்தெடுத்தால் பெரும்பாலும் தப்பலாம். வளரவிட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அது தின்றுவிடும். அதைத் துடைப்பதற்கு லென்ஸைப் பிரிக்க வேண்டும். பிரித்ததை மறுபடி அதே மையத்தில் பொருத்த வேண்டும். அது காணொளியைப் பார்த்து ஒரு மாலைப்பொழுதில் கைவரும் வேலை அன்று.

பழுதுபார்ப்பவர் முதன்மை பெறுவது இங்கேதான். இவ்வேலையைக் கற்றவர்கள் ஃபிலிம் காலத்தில் கற்றவர்கள். இன்று அவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களிடம் அறிவு கையில் இருக்கிறது, ஏட்டில் இல்லை. எந்த மாடலில் எந்தத் திருகு இடப்புறமாகத் திரும்பும், எந்தச் சுருள்வில் திறந்தவுடன் துள்ளி விழும் என்பதெல்லாம் மேசைக்கு மேசை கடந்துவந்த செய்திகள். டிஜிட்டல் வந்தபின் அவர்களிடம் பயில ஆள் வரவில்லை. ஆகவே, கைவசம் உள்ள பணத்தில் பாதிக்கு மேல் புகழ்பெற்ற கேமராவுக்கும் அகன்ற துளையுள்ள லென்ஸுக்கும் செலவழிப்பவர் வரிசையைத் தலைகீழாக்குகிறார். மலிவான, பேட்டரி இல்லாமலும் ஷட்டர் இயங்கும், உள்ளூர்ப் பழுதுபார்ப்பவர் பலமுறை திறந்து பார்த்த மாடலை வாங்கி, மிச்சத்தை அதைத் துடைத்து எண்ணெயிட்டுச் சீராக்கும் கூலியாகக் கொடுப்பதே அறிவுடைமை. அந்தக் கூலி கேமராவை மட்டும் பிழைக்கவைப்பதில்லை.

சுருளைக் கழுவும் தொழிலுக்கும் இதே நிலைதான். ஒளிபட்ட சுருளில் படத்தை வெளிக்கொணரும் வேதிவினைக்குக் கலைச்சொல் அகராதிகள் உருத்துலக்கல் என்று பெயரிட்டன. மக்கள் அதை ஏற்கவில்லை. ஸ்டுடியோவில் கொடுப்பது ‘ஃபிலிம் கழுவ’. வாங்குவது ‘பிரிண்ட் போட்டு’. மலையாளத்திலும் சுருள் கழுவப்படவே செய்கிறது. பாத்திரத்துக்கும் பாதத்துக்கும் வழங்கும் வினைச்சொல்லையே இரு மொழியினரும் இந்த வேதியியலுக்கும் தந்தார்கள் என்பதிலிருந்து, அது எவ்வளவு சாதாரணமாக அன்றாடத்துள் கலந்திருந்தது என்பது விளங்கும். இன்று அச்சொல்லைக் கேட்கும் பதின்வயதினர், ஏன் கழுவ வேண்டும் என்று வியக்கக்கூடும். தொழில் ஒழிந்தால் சொல்லின் அப்பொருளும் ஒழிகிறது. அகராதியில் எஞ்சுவது யாரும் வழங்காத சொல்.

கழுவித் தரும் நிலையம் அருகில் இல்லாதவர் கறுப்பு வெள்ளைச் சுருளைத் தாமே கழுவக் கற்கலாம். அதற்கு இருட்டறையே வேண்டும் என்பதில்லை. சுருளை ஏற்றும்வரை ஓர் இருட்டுப் பை போதும். ஆனால் டி-76 போன்ற கரைசல்களுக்கு அட்டவணைகள் தரும் இயல்பு வெப்பநிலை 20 டிகிரி. திருவனந்தபுரத்துக் குழாய்நீர் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. வெப்பம் கூடினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கும் கீழே குறைந்தால் படம் திட்டுத்திட்டாக வரக்கூடும். சுருளின் மேலுள்ள ஜெலட்டின் இளகி நகம் பட்டாலே கீறும். எனவே, கரைசல் பாத்திரத்தைப் பனிக்கட்டி இட்ட நீரில் வைத்துக் குளிர்விப்பது வெப்பநாட்டின் வழி. இன்னொன்றும் உண்டு. பயன்படுத்திய ஃபிக்ஸரில் கரைந்த வெள்ளி இருக்கும். நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. குளத்தை அழகாகப் படமெடுத்துவிட்டு, அப்படத்தைக் கழுவிய நீரை அக்குளத்துக்குப் போகும் ஓடையில் ஊற்றுகிறவர், படம் எடுக்காமலே இருந்திருக்கலாம்.

குளிர்ந்த, தூசியற்ற சூழல் இத்தொழிலுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைத் தமிழ்நாடு அறியும். 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனத்துக்கு உதகமண்டலம் பொருந்தியது அதனால்தான். 1967இல் உற்பத்தி தொடங்கி, ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும் தாளும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. 1990களில் நலிந்து, பின்னர் ஆலை மூடப்பட்டது. ஒரு நாடு தனக்கான ஃபிலிமைத் தானே பூசி உலர்த்திய அறிவு ஒரு தலைமுறைக்குள் கலைந்தது. இன்று தொடங்குபவர் வாங்கும் சுருள் பெரும்பாலும் கடல்கடந்து வருவது. அதன் விலையில் நாணய மாற்றும் வரியும் ஏறியிருக்கின்றன.

இவ்வளவு செலவில், கைபேசியில் நொடியில் கிடைக்கும் படத்தை ஏன் இப்படித் துன்பப்பட்டு எடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. சுருளின் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கூலி ஆகியவற்றைக் கூட்டி 36ஆல் வகுத்தால், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விலை தெரியும். மாணவருக்கும் தினக்கூலிக்காரருக்கும் அது சிறிய தொகை அன்று. பழையது என்பதற்காகவே ஒன்றைப் போற்றுவது வெறும் அலங்காரம். மங்கிய நிறத்துக்காக மட்டும் ஃபிலிமை நாடுபவருக்குக் கைபேசிச் செயலியே போதும். ஆனால், அந்தத் தொகைதான் ஆசிரியராகவும் இருக்கிறது. ஒவ்வொரு படத்தின் துளையையும் வேகத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைத்து, கழுவிய சுருளோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் இரண்டு சுருளில் கற்பதை, அளவின்றிச் சுடுபவர் ஆயிரம் படத்திலும் கற்காமல் போகலாம். சுருளை ஏற்றியபின் முன்னகர்த்தும்போது இடப்புற மீள்சுற்றுக் குமிழும் சேர்ந்து திரும்புகிறதா என்று பார்க்க மறந்தவர், 36 படமும் வெறுமையாக வரும் நாளில் கவனம் என்றால் என்னவென்று அறிகிறார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. திருவிதாங்கூர் அரசின் புகைப்படக் கலைஞர் சக்கரியாஸ் டி குரூஸ் 1900ஐ ஒட்டி எடுத்த இந்நாட்டின் காட்சிகள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கத்தக்க பொருளாகப் படம் இருந்ததும், அதைக் காத்துவைக்க ஆள் இருந்ததும் சேர்ந்தே அதை நிகழ்த்தின. ஸ்ரீவராகத்து வீடுகளின் பரண்களிலும் நெகட்டிவ் உறைகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கக்கூடும். பழைய கேமராவைக் கையிலெடுக்கும் புதியவர், அவ்வுறைகளையும் திறந்து உலர்த்திக் காப்பாற்றத் தெரிந்தவராக வளர்வாரானால், அவர் தொடங்கியது வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடாது.

எனவே, கேமராவுக்கு முன்னர் மனிதரைத் தேடுக. பழுதுபார்ப்பவரின் மேசைக்கு எதிரே ஒரு முற்பகல் அமர்ந்து, அவர் திருகுகளைக் கழற்றி வரிசையாக அடுக்குவதைப் பார்க்க இசைவு கேட்டுப் பெறுக. எந்தக் கேமராவை வாங்கலாம் என்பதை அதன்பின் அவரிடமே கேட்கலாம்.