வாங்குகிறவரின் வழக்கறிஞர் நம் வழக்கறிஞர் அல்லர்

வழக்கறிஞர் என்றதும் நம் தோட்டப்புற மக்களின் மனக்கண்ணில் தோன்றுவது கறுப்பு அங்கியும் கோர்ட்டும்தான். கோர்ட்டில் பெருங்குரலெடுத்து வாதாடுகிறவரே பெரிய வழக்கறிஞர் என்பது நம்மவர் கணக்கு. ஆனால் ஒரு தோட்டம் கைமாறும்போது அதன் தலைவிதியை எழுதுகிறவர் பெரும்பாலும் கோர்ட் வாசலை மிதிப்பதே இல்லை. கோலாலம்பூரின் மாடிக் கட்டடம் ஒன்றில் அமர்ந்து பத்திரம் தீட்டுகிற அவரையே கம்பெனி வழக்கறிஞர் என்கிறோம். அவர் யார், அவர் தொழில் எத்தகையது என்பதை ஒவ்வொரு தோட்டக் கிளையும் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் நம் நாட்டில் சட்டம் படிக்க விரும்பியவர் கப்பலேறி லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே அது எட்டியது. சிங்கப்பூரில் படித்த முதல் சட்டப் பட்டதாரிகள் 1961இல் வெளிவந்தனர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972இல் சட்டத்துறை உதயமாயிற்று. 1991இல் நம் பிரிக்பீல்ட்சிலேயே சட்டம் கற்பிக்கும் தனியார் கல்லூரி ஒன்று தோன்றியது. பட்டம் பெற்றவர் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் 9 மாதம் தொழில் பழகிய பிறகே உயர் நீதிமன்றத்தில் பதிவு பெறுகிறார்.

பதிவு எல்லாருக்கும் ஒன்றே. ஆனால் தொழில் ஒன்றன்று. ஒருவர் கம்பெனிகளை வாங்கி விற்கும் ஒப்பந்தங்களை எழுதுவார். ஒருவர் பங்குச் சந்தைக் காரியங்களைக் கவனிப்பார். ஒருவர் வங்கிக் கடன் பத்திரங்களையும், ஒருவர் நிலப்பட்டா மாற்றத்தையும், இன்னொருவர் வரி விவகாரத்தையும் பார்ப்பார். முதலாளிமாருக்காகத் தொழிலாளர் வழக்குகளை மட்டுமே நடத்துகிறவர்களும் உண்டு. 1905இல் தோன்றிய ஷேர்ன் டெலமோர், 1918இல் தோன்றிய ஷுக் லின் அண்டு போக் போன்ற கோலாலம்பூரின் பழம்பெரும் நிறுவனங்களில் இத்துறைகள் பலவும் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. கிள்ளானில் நம்மவர் நாடும் சிறிய அலுவலகத்திலோ விபத்து வழக்கு, வீட்டுப் பத்திரம், உயில் என்பனவே அன்றாட வேலை. இதில் உயர்வு தாழ்வு இல்லை. பல் வலிக்குக் கண் வைத்தியரிடம் போகலாகாது என்பதையே நாம் சொல்கிறோம்.

கம்பெனி வழக்கறிஞரின் தொழிலால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். 1981 செப்டம்பர் 7ஆம் நாள் கத்ரி கம்பெனியின் பங்குகளை லண்டன் பங்குச் சந்தையில் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் நான்கு மணி நேரத்துக்குள் வாங்கி, அதைத் தன் வசமாக்கிக் கொண்டது. லண்டனில் அப்போது காலை. இங்கே நம் தொழிலாளி வேலை முடித்து லயத்துக்குத் திரும்பிவிட்ட நேரம். அவன் காலையில் வெட்டிய மரம் எதுவும் இடம் மாறவில்லை. ஆனால் அதற்கு மேலே இருந்த எசமான் மாறிவிட்டான்.

இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். தோட்டம் கைமாறும் வழி இரண்டு. பங்குகள் விற்கப்பட்டால் கம்பெனி அதே கம்பெனி. நம் வேலை ஒப்பந்தம் அப்படியே நிற்கும். நிலமும் தொழிலும் இன்னொரு கம்பெனிக்கு விற்கப்பட்டால் நம் முதலாளியே மாறுகிறான். வேலை நிறுத்த, ஆட்குறைப்பு நலன்கள் பற்றிய 1980ஆம் ஆண்டு விதிகள் அப்போது நமக்குத் துணை நிற்கின்றன. வாங்கியவர் 7 நாளுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வர வேண்டும். தராவிட்டால் வேலை முடிந்ததாகவே சட்டம் கருதும். நஷ்டஈட்டுக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பாளிகள். 5 ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி. 20 ஆண்டு பால் வெட்டியவருக்கு அது 400 நாள் கூலி! நியாயமான அழைப்பைக் காரணமின்றி மறுத்தவருக்கோ இத்தொகை கிடையாது. ஆகவே தெரியாமல் 'வேண்டாம்' என்பதும் ஆபத்து. படிக்காமல் கைநாட்டு வைப்பதும் ஆபத்து.

தொழில் நீதிமன்றம் அங்கீகரித்த கூட்டு ஒப்பந்தம் தோட்டத்தை வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தும் என்று 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டம் கூறுகிறது. இதை வாங்குகிறவரின் வழக்கறிஞர் நன்கு அறிவார். அறிந்தே அவர் பத்திரம் எழுதுகிறார். அவரை நாம் பழிக்கவில்லை. தம்மை அமர்த்தியவரின் நலனைக் காப்பது அவர் கடமை. ஆனால் பெரட்டுக் களத்துக்கு வந்து, "இதில் உங்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை, கையெழுத்திடுங்கள்" என்று சொல்கிறவர் யாருடைய வழக்கறிஞர் என்று கேட்பது நம் கடமையன்றோ?

எனவே, தோட்டம் விலை போகிறது என்ற பேச்சு காதில் விழுந்ததுமே கிளைத் தலைவர்கள் மூன்று கேள்விகளை எழுத்து மூலம் கேட்க வேண்டும். விற்கப்படுவது பங்கா, நிலமா? நாளை முதல் நம் முதலாளி யார்? கூட்டு ஒப்பந்தத்தையும் பழைய சேவைக் காலத்தையும் அவர் ஏற்கிறாரா? வழக்கறிஞரை நாடினால், தொழிலாளர் சட்டத்தில் அவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம் என்று கூசாமல் விசாரியுங்கள். நியாயமின்றி வேலை நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். அங்கே நடக்கும் சமரசப் பேச்சில் வழக்கறிஞருக்கு இடமில்லை, சங்கத்துக்கு இடமுண்டு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை சட்டம் படிக்கிறான், படிக்கிறாள் என்றால் கோர்ட்டில் முழங்குவதை மட்டும் எண்ண வேண்டாம். கம்பெனிச் சட்டமும் கற்கட்டும். விற்பனைப் பத்திரத்தின் நாற்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் ஒரு வரியைக் கண்டுபிடித்து, "இது எங்கள் மக்களின் கூலி" என்று சொல்ல நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் வேண்டும்.

கோர்ட்டில் வழக்கு தோற்றால் அப்பீல் உண்டு. அறியாமல் இட்ட கையெழுத்தை அழிப்பது எளிதன்று. கையெழுத்துக்கு முன்னே சங்கத்திடம் வாருங்கள்!