பொன்னியும் 45 ரூபாயும்



லால்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் திருச்சி மன்னார்புரத்தில் உள்ள நம் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார். மண்ணச்சநல்லூர் பொன்னி என்று ஊரெல்லாம் கேட்டு வாங்குகிறது. ஆனால் வயலில் இறங்கினால் இத்தனை பேர் ஏன் குண்டு நெல் போட்டிருக்கிறார்கள் என்பது அவர் கேள்வி. அஞ்சலட்டையில் பதில் போட்டிருக்கலாம். விஷயம் பெரிது என்பதால் இந்தப் பக்கத்தையே எடுத்துக்கொண்டேன்.

பொன்னி நம் மண்ணில் பிறந்தது அல்ல. 1950களில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு ஒடிசாவின் கட்டாக்கில் நடத்திய நெல் கலப்புத் திட்டத்தில் அதன் கதை தொடங்குகிறது. அங்கே கலந்த விதை மலேசியாவுக்குப் போய், 1965இல் மசூரி என்று பெயர் வாங்கி, பிறகு நம்மிடம் வந்து பொன்னி ஆனது. 1986இல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் மேம்படுத்திய வெள்ளைப் பொன்னியைக் கொடுத்தது. உயரமான பயிர், காற்றடித்தால் சாயும். விளைச்சலிலும் குட்டை ரகங்களுக்குக் கீழேதான். அப்படியும் அது நிலைத்ததற்குக் காரணம் மண்ணச்சநல்லூர் ஆலைகளும் சோறு சாப்பிடும் நம் நாக்கும்.

அதற்கு முன்பே காவிரி டெல்டாவில் அரசாங்கமும் ஆராய்ச்சி நிலையமும் கைகோத்த காலம் ஒன்று உண்டு. 1960-61இல் நாட்டில் தேர்ந்தெடுத்த ஏழு 'பேக்கேஜ்' மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒரே கையில் கிடைக்க வேண்டும் என்பது திட்டம். அதே பத்தாண்டில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. ஜப்பானிய நோரின் 10க்கும் நம்மூர் ஜி.இ.பி. 24க்கும் பிறந்த குறுகிய கால ரகம். மேட்டூர் தண்ணீரும் கடனும் விதையும் ஒரே சமயத்தில் கிடைத்ததால் குறுவை மளமளவென்று பரவியது. ஏதாவது ஒன்று தவறியிருந்தாலும் அந்த வேகம் வந்திருக்காது என்பது என் எண்ணம். 2024இல் பார்த்தோமே: ஜூன் 12க்குத் திறக்க வேண்டிய மேட்டூர் அணை ஜூலை 28இல்தான் திறந்தது. எந்த நல்ல விதையைக் கையில் வைத்திருந்து என்ன செய்ய?

இனி வாசகர் கேள்விக்கு வருவோம். 2025-26 பருவத்தில் நேரடி கொள்முதல் நிலையத்தில், மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500. வித்தியாசம் 45 ரூபாய். பொன்னி போட்டவர் சாய்ந்த பயிரை அறுக்கப் படும் பாட்டுக்கும் குறைந்த மூட்டைக்கும் இந்த 45 ரூபாய் எந்த மூலைக்கு? வெளி வியாபாரி நல்ல விலை தருவார் என்று தெரிந்தவர் பொன்னி போடுகிறார். அரசு எடை மேடையை நம்பியவர் மூட்டை அதிகம் காணும் குண்டு நெல்லுக்குப் போகிறார். அவர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எந்த விதை என்று வேளாண் விரிவாக்க அலுவலர் சொல்வதைவிட இந்த விலைப் பலகை சத்தமாகச் சொல்கிறது. ஈரப்பதக் கணக்கு வேறு: விதி 17 சதவீதம், அறுவடை வேளையில் அக்டோபர் மழை பிடித்துக்கொண்டால் 22 ஆகத் தளர்த்தக் கோரி மாநிலம் மத்திய அரசுக்கு எழுதும், குழு வந்து பார்க்கும், நெல் குவியல் தார்ப்பாய்க்கு அடியில் காத்துக் கிடக்கும்.

நடவு முறையிலும் இதே கதைதான்: திருந்திய நெல் சாகுபடியை நினைத்துப் பாருங்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த முறைக்கு நம் அரசு 'ராஜராஜன் 1000' என்று பெயர் சூட்டியது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி, ஏக்கருக்கு மூன்று கிலோ விதை. கணக்கு அழகுதான். ஆனால் கயிறு பிடித்துச் சதுரம் போட்டு ஒற்றை நாற்றாக நட, காண்டிராக்டுக்கு நடும் பெண்களுக்கு நேரம் ஏது? கூலி ஏக்கர் கணக்கில்தானே! அதனால் முழு முறை பல இடங்களில் நழுவியது; இளம் நாற்று மட்டும் தங்கியது. நடவு இயந்திரம் வந்தபோது பாய் நாற்றங்காலில் வளர்த்த அந்த இளம் நாற்றுதான் அதற்கும் வேண்டியிருந்தது. விவசாயி இந்த முறையை வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்வது சரியில்லை, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இந்த நெல் விளையும் நிலத்தைக் காக்க வந்த சட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் அறிவிப்பில் திருச்சி மாவட்டமும் இருந்தது. சட்டமாக வந்தபோது திருச்சி, கரூர், அரியலூர் மூன்றும் இல்லை. முக்கொம்பில் காவிரி பிரிவதே நம் மாவட்டத்தில்தான் என்று யாராவது நினைவூட்டியிருக்கலாம்.

அடுத்த இதழில் மணிகண்டம் வட்டாரத்தின் களர் நிலத்தையும், நவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரி அந்த மண்ணுக்காகவே தந்த டி.ஆர்.ஒய். ரகங்களையும் பற்றிய கட்டுரை வருகிறது. இந்தச் சம்பாவில் என்ன ரகம் போட்டீர்கள், யாருக்கு விற்றீர்கள், என்ன விலை கிடைத்தது என்று எழுதுங்கள். வந்த கடிதங்களை அந்தக் கட்டுரையோடு சேர்த்தே அச்சேற்றுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்